மூன்றாவது பொத்தான்

நான் எழுதுவதை மனிதர்கள் அவ்வளவாகப் படிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் படிக்கிறது. திரையைப் பார்த்து, ஆள் மாதிரியே மவுஸை நகர்த்தி, பொத்தான்களை அழுத்தி வேலை முடிக்கும் ஏஐ ஏஜன்டுகளுக்கு எங்கள் கம்பனி ஒரு கருவி செய்கிறது. எதைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று அவற்றுக்கு வழிகாட்டி எழுதுவது என் வேலை. கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. புசல்லாவையில் இருக்கும் அம்மாவுக்கு இதை ஒருமுறை விளக்கப் பார்த்தேன். "பொத்தான அமுக்குறதுக்கு ஒரு புஸ்தகமா?" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆபரேஷனுக்கு நாள் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த டொக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் கைநழுவினால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும், இன்னும் பல மாதம். அம்மாவோ இப்போதே பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறாள்.

அந்த வாரம் வழிகாட்டிக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. "உண்மையா ஓடுற பக்கம் ஒண்டைப் போடும்" என்றார் என் வேலையைப் பார்த்துத் திருத்தும் யாழ்ப்பாணத்து அக்கா. நான் பெரிய புத்திசாலி அல்லவா, கிளினிக்கின் இணையப் பக்கத்தைத் திறந்து அம்மாவின் பதிவு எண்ணையே போட்டேன். பதிவைத் திறந்து, நாளும் நேரமும் போட்ட பதிவுத் துண்டை அச்செடுப்பது, அவ்வளவுதான் உதாரணம். "கீழ் வரிசையில் மூன்றாவது பொத்தானை அழுத்தவும். கேள்வி கேட்டால் ஆம் என்று சொல்லவும்" என்று எழுதினேன். இப்போதே அச்செடுக்கவா என்று அந்தப் பக்கம் கேட்கும், அதற்காக.

எங்கள் மலையகத் தமிழர்களில் நிறையப் பேருக்கு ஒரு பழக்கம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கை தானாகச் சிங்களத்தை அழுத்தும். தமிழில் பாதி இருக்காது, இருப்பதும் பழசு என்று பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட கை அது. நானும் சிங்களத்தில்தான் திறந்திருக்கிறேன். அதை வழிகாட்டியில் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா போன் எடுத்தார். "நீர் எழுதினபடிதான் ஏஜன்டை ஓடவிட்டனான். பதிவு ரத்து எண்டு காட்டுது. இது ஆருடைய பதிவு?"

"எந்தப் பக்கத்துல ஓடவிட்டீங்க அக்கா?"

"தமிழிலதான். எனக்கெங்க சிங்களம் வாசிக்கத் தெரியும்?"

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். அச்செடுக்கும் பொத்தானை அங்கே யாரும் வைக்கவேயில்லை. மூன்றாவதாக இருந்தது, "பதிவை ரத்துச் செய்க". நிச்சயமாகவா என்று அது கேட்டிருக்கும். ஆம் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தானே! பெற்ற தாயின் கண்ணில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கிளினிக்குக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஒருவர் எடுத்தார். மடவளைப் பக்கத்து முஸ்லிம் நானா என்று பேச்சிலேயே தெரிந்தது. நடந்ததை மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"பயப்பட வாணாம் தங்கச்சி. ஒங்கட உம்மாட டேட் அப்படியே ஈக்குது. கேன்சல் எண்டு வந்தா, நாங்க கோல் எடுத்து ஆளக் கேக்காம வெட்ட மாட்டோம். காலையிலேயே உம்மாக்கிட்ட கேட்டாச்சு."

அப்பாடா! உடம்பில் இருந்த அத்தனை பாரமும் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எத்தனை தடவை நன்றி சொன்னேனோ, "சரி சரி, வேல ஈக்குது" என்று அவரே வைத்துவிட்டார்.

உடனே அம்மாவுக்கு எடுத்தேன்.

"யாருடி நான் வரமாட்டேன்னு சொன்னது?" என்று ஆரம்பித்தாள்.

"மெஷினும்மா. நான் எழுதினத படிச்சிட்டு..."

"கிளினிக்குலருந்து பேசின தம்பி யாரோ எவரோ, வர்றீங்களாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. என் நம்பர எடுத்து மெஷினுக்குக் குடுத்தியே, நீ கேட்டியா?"

அன்றைக்கே அம்மாவின் எண்ணை வழிகாட்டியிலிருந்து எடுத்தேன். பொத்தானை எண்ணாதே, அதில் எழுதியிருப்பதைப் படி என்று மாற்றினேன். திருப்பி எடுக்க முடியாத எதையும் அழுத்துமுன் நில், அது யாருடைய காரியமோ அவரிடம் கேள் என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு "ஓம், இது சரி" என்றார்.

கடைசியாக ஒரு முறை அம்மாவின் பதிவைத் திறந்து, நாள் அப்படியே இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். இருந்தது. நாளுக்குக் கீழே, முதலில் எந்தக் கண் என்ற கட்டத்தில், வலது என்று நான் போட்டிருந்தேன். யாரைக் கேட்டுப் போட்டேன்? மறுபடி அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"இடதுடி" என்றாள் அம்மா. "வலதுல கொஞ்சமாவது தெரியுது."