ஆதாரில் சாமல்பட்டி, காய்ச்சல் ஓசூரில்

புகை மருந்து மெஷினின் அந்த டீசல் நெடி... எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு சாமல்பட்டிதான் ஞாபகம் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மாவட்டத்தில் எந்த ஊரில் என்ன காய்ச்சல் என்று கண்காணிப்பதுதான் என் வேலை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கௌரி என்ற பெண்ணுக்கு டெங்கு. ஆதாரில் இருந்த முகவரி சாமல்பட்டி. உடனே ஜீப், மெஷின், ஆட்கள் என்று போய் இறங்கிவிட்டோம். தொட்டி தொட்டியாகத் தேடியும் ஒரு கொசுப்புழு இல்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த கௌரியின் அப்பா திம்மராயன், எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இங்க எதுக்கு மேடம் மருந்து அடிக்கிறீங்க? பாப்பா ஓசூர்ல கம்பெனிக்குப் போவுது. காய்ச்சலோடதான் ஊருக்கே வந்துச்சு."

அட கடவுளே!

"அங்க ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"செல்வின்னு ஒரு பொண்ணு. அருப்புக்கோட்டப் பக்கம். அதுக்கும் காய்ச்சலாம். போன் போட்டா எடுக்க மாட்டேங்குது."

அவருக்கு முகவரி தெரியாது. வழி தெரியும் என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

"உங்க பொண்ணு?" என்றேன்.

"அதுக்கு அவங்கம்மா பக்கத்துல இருக்கா. இந்தப் பொண்ணுக்கு இங்க யாரு இருக்கா?"

ஓசூரில் வரிசையாக வாடகை அறைகள்... வாசலில் மூடியில்லாத தண்ணீர் டிரம்கள், உள்ளே புழு நெளிந்தது. செல்வி பாயில் சுருண்டு கிடந்தாள். ஈறில் ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் ஒரே அழுகை.

"வேணாம் மேடம்... லீவு போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவாக."

நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. திம்மராயன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேல போனா வேற வேல கெடைக்கும். எந்திரி கண்ணு, அப்பா கூட வரேன்."

எழுந்தாள்.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு பெண்களும் பிழைத்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் காய்ச்சல் வந்தவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். உட்கார்ந்த இடத்திலேயே அந்த இடம் மேப்பில் புள்ளியாக வந்துவிடுகிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும், சொந்த மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எங்கள் ஜீப்பில் ஏறிய அந்த மனுஷரை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

போன மாதம் அவரிடமிருந்து போன்.

"மேடம், பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குது. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"அட! கௌரிக்கா?"

"இல்லீங்க மேடம்... செல்விக்கு."