இறைக்காத கிணறு

அக்கம்மாள் ஓடைப்பட்டியில் பிறந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு ஊரிலும் திராட்சை. புருஷன் போன பிறகு ஒரு ஏக்கர் பந்தலை அவளே பார்த்தாள். கொடியைக் கவாத்து வெட்ட மட்டும் ஆள் வைப்பாள். மருந்து அவளே அடிப்பாள்.

தோட்டத்துக்கு மேற்கே ஓடை. அதற்கு மேல் மாம்பழக்கூழ் பாக்டரி வந்து நாலு வருஷம். சீசனில் கழிவை ஓடையில் விட்டார்கள். அது கசிந்து கிணற்றுக்கு வந்தது. புளித்த வாடை, மேலே ஏடு கட்டிக் கிடக்கும். அக்கம்மாள் விடிந்ததும் மோட்டாரைப் போட்டுக் கெட்ட தண்ணீரை வெளியே ஓட விடுவாள். பிறகு ஊறி வருவதைக் கொடிக்குப் பாய்ச்சுவாள். கொடி பிழைத்துக் கிடந்தது அதனால்தான்.

தேனி கலெக்டர் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை மனு கொடுத்தாள். பாக்டரிக்கு அபராதம் போட்டால் நிறுத்துவார்கள் என்று நினைத்தாள்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து வருவதாக ஒரு பெண் போன் பண்ணினாள். முந்தின நாள் பொழுதுக்கும் கிணற்றை இறைத்தாள். மிச்ச ஏட்டை வாளியில் அள்ளிக் கொட்டினாள். பிளீச்சிங் பவுடர் தூவினாள். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் வருகிறது. அந்த வாடையில் எப்படி நிற்கும்?

இன்ஜினியர் ஜெபஷீலா வந்தாள். அன்று பாக்டரி லீவு. ஓடை காய்ந்து கிடந்தது. கிணற்றில் பாட்டிலை இறக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர்.

“யாரும்மா இறைக்கச் சொன்னது?”

கொழுந்தன் அழகுமலை சிரித்தான். “ஆபீசர் வாராகன்னு கெணத்துக்கே தலைக்கு ஊத்தி விட்டுருக்காக எங்க மதினி.”

ஜெபஷீலா சிரிக்கவில்லை. அபராதம் போடும் விதத்தைச் சொன்னாள். “என்ன தொழில், எவ்வளவு பெரிய பாக்டரி, சுத்தி எவ்வளவு சனம், எத்தன நாள் விட்டாங்க. எல்லாத்தையும் பெருக்கிப் போடுவோம். நாள் கணக்கு நாங்க பாத்த அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும்.”

“நாலு வருசமா விடுறாங்களே மேடம்.”

“நாங்க பாக்கலையேம்மா.”

போகும்போது, “சொல்லாம ஒரு நாள் வருவேன். அதுவரைக்கும் கிணத்தத் தொடாதீங்க” என்றாள்.

அக்கம்மாள் தொடவில்லை.

வெயில் ஏறியது. பிஞ்சு சுருங்கியது. இலை ஓரம் கருகியது.

“மோட்டரப் போடுங்க மதினி. அந்தப் பிள்ள ஒரு பேச்சுக்குச் சொல்லீட்டுப் போச்சு.”

“தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக.”

“அவுகளா வந்து பழம் அறுக்கப் போறாக?”

அக்கம்மாள் தினமும் காலையில் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். ஏடு தடித்துக்கொண்டே வந்தது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

மாம்பழ வண்டிகள் குறைந்த சமயத்தில் ஜெபஷீலா வந்தாள். பாக்டரிக் குழாயிலும் கிணற்றிலும் பாட்டில் பாட்டிலாகப் பிடித்தாள். “இது போதும்மா” என்று சொல்லித் திரும்பியவள் பந்தலைப் பார்த்தாள்.

“இதுக்கு என்னாச்சு?”

“தண்ணி பாச்சலையே.”

“ஏன், நீங்க…” என்று ஆரம்பித்தவள் குனிந்துகொண்டாள். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினாள்.

ஆடியில் போன் வந்தது. அக்கம்மாள் கொடியைத் தூரோடு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அபராதம் போட்டாச்சும்மா. ஒன்பது நாள் கணக்கு. அதுக்குள்ள குழாய அடச்சிட்டாங்க.”

“சீசன் முடிஞ்சிருச்சுல்ல.”

“ஆமா. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். உங்க தோட்டத்துக்கு நீங்க தனியா வழக்குப் போட்டுக் கேக்கணும்.”

“சரி மேடம்.”

“நான் தொடாதீங்கன்னு சொன்னது…”

“ஆமா, சொன்னீக. சாப்ட்டீகளா?”

“சாப்ட்டேம்மா.”

போனை இடுப்பில் செருகினாள். அழகுமலை அதற்குள் பந்தல் கம்பியை முறுக்கவிழ்க்க ஆரம்பித்திருந்தான். துருப்பிடித்த இடத்தில் வரமாட்டேன் என்றது. அக்கம்மாள் போய் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.