ராசாத்திக்கு ஒரு மாப்பிள்ளை

கட்டைவிரலால் சவாரிக்காரரை மறைத்துக்கொண்டு, குதிரையை மட்டும் பார்க்கிறார் பல்லக்கா. மேசை மேல் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல் அச்சு இருக்கிறது. அதில்தான் கைப்பேசி சாய்ந்து நிற்கிறது. திரையில், இனவிருத்திக்கென்று வளர்க்கிற ஒரு கருப்புப் பொலிகுதிரை பெரிய மரக்கட்டையைத் தாண்டுகிறது. தாண்டுகிற அழகை எல்லோரும்தான் பார்ப்பார்கள். பல்லக்கா பார்ப்பது தாண்டி இறங்கிய பிறகு. எத்தனை எட்டு வைத்த பிறகு அதன் வேகம் அடங்குகிறது என்று வாய்விட்டு எண்ணுவார். ஒன்பது, பத்து, பதினொன்று. எண்ணிக்கை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது.

"மேல இருக்கிற ஆளு கில்லாடி. அவன் ஏறி உட்கார்ந்தா கழுதைகூடப் பறக்கும். அவனை மறைச்சாத்தான் குதிரை எப்படின்னு தெரியும்" என்பார். கேட்பது யார் என்று பார்க்க மாட்டார். பெரும்பாலும் பக்கத்து மேசையில் மெழுகு உருக்குகிறவர் கேட்பார். "என்னக்கா, மாப்பிள்ளை அமைஞ்சுதா?" என்பது அவருடைய தினசரிக் கேள்வி. "பையன் லட்சணமா இருக்கான். குணம்தான் தெரியலை" என்பது தினசரி பதில்.

நாற்பத்தாறு வயது. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துப் பல்செட் செய்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. லாயத்தில் இருக்கிறவர்களுக்கு அதனால்தான் அவர் பல்லக்கா. குட்டையான உருவம், பருத்த மணிக்கட்டு, நகக் கண்ணில் எப்போதும் இளஞ்சிவப்புத் தூள். விடியற்காலையில் லாயம், ஒன்பது மணிக்குப் பட்டறை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். "குதிரை வாசனைங்க, பழகிடும்" என்று அவரே சொல்லிவிடுவார்.

மாப்பிள்ளை தேடுவது ராசாத்திக்கு. பதினேழு வயதான செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. பல்லக்காவும் ராசாத்தியும் ஆடிய ஆட்டத்துக்கு ஈவன்டிங் என்று பெயர். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று சோதனை. முதலில் மைதானத்தில் சொன்னபடி அடக்கமாக நடந்து காட்ட வேண்டும். அடுத்து காடு, மேடு, தண்ணீர் என்று ஓட வேண்டும். வழியில் இடித்தாலும் அசையாத மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும். கடைசியில், தொட்டால் விழுந்துவிடும் கம்பங்களை விழாமல் தாண்ட வேண்டும். "பூனையா நடந்து, புலியா ஓடி, மறுபடி பூனையா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான். மனுசனாலேயே முடியாது" என்பார் பல்லக்கா.

ராசாத்தியோடு இரண்டு சோதனை வரை போயிருக்கிறார். மூன்றாவதற்கு முந்தின நாள் அதன் முன்னங்கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு ராசாத்தி தாண்டவே இல்லை. பல்லக்காவுக்குப் போட்டியின் மிகச் சிறிய வகுப்பு போதும், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற கட்டைகள் போதும். ராசாத்தியின் வயிற்றில் பிறந்த ஒரு குட்டியின் மேல் உட்கார்ந்து மூன்றையும் ஒரு தடவை முடித்துவிட வேண்டும். அவருக்கு இருக்கிற ஆசை இது ஒன்றுதான். குதிரை டாக்டர் இந்த வருடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, இதுதான் கடைசி. அடுத்த வருசம் கேட்டீங்கன்னா நானே சினை ஊசியைத் தொட மாட்டேன். ராசாத்தி உசுரு எனக்கு முக்கியம்."

"எனக்கு மட்டும் முக்கியம் இல்லையா டாக்டர்?"

"அதனாலதான் சொல்றேன். யோசிச்சுப் பண்ணுங்க. ஆனா உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க."

பல்லக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வயிற்றில் பதினொரு மாதம். முதுகில் ஆள் ஏற்ற நாலு வருடம். காட்டில் ஓட இன்னும் ஒரு வருடம். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. அந்த வயதில் இடுப்பும் முட்டியும் கேட்பதைக் கொடுக்கிற குதிரை வேண்டும். தப்பான பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள இன்னொரு குட்டி கிடையாது.

தப்பு ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. எட்டு வருடம் முன்பு, ஆசைப்பட்டு, பெயர் பெற்ற ஒரு கருப்புப் பொலிகுதிரைக்கு ராசாத்தியைச் சேர்த்தார். பிறந்தவன் துரை. பெயருக்கேற்ற நடை. மூன்று வயதில் வேலியைத் தாண்டி வெளியே போய், மேய்ந்துவிட்டு, தாண்டி உள்ளே வந்து நிற்பான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். பல்லக்காவுக்கும் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்தால் அவன் வேறு ஆள். ஒரு நாள் வேலை வாங்காமல் விட்டால் மறுநாள் முதுகை வில்லாக வளைத்துத் தூக்கி எறிவான். பட்டறையில் பல்செட் குவிகிற நாட்களில் அவரால் லாயத்துக்குத் தினமும் வர முடியாது. ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் இடைவெளி விட்டு ஏறினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டோடு படுத்திருந்தபோது, லாயத்தில் விட்டுவந்த கைப்பையைத் துரை மென்று போட்ட செய்தியும் பின்னாலேயே வந்தது.

"குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார் அவருடைய வீட்டுக்காரர். மின்தூக்கி பழுது பார்க்கிறவர். உயரத்தில் வேலை, ஆனால் குதிரை மேல் ஏறச் சொன்னால் தலை சுற்றும்.

துரையை ஒரு தொழில்முறை சவாரிக்காரர் வாங்கிக்கொண்டார். இன்று பெரிய போட்டிகளில் அவன் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். பல்லக்கா வருடத்துக்கு ஒரு தடவை நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தடையின் ஓரத்தில் நிற்பார். அவன் வருவான். தண்ணீர் சிதறும். போய்விடுவான். மொத்தமே நாலு நொடி. முகத்தில் தெறித்த சேற்றை உடனே துடைக்க மாட்டார்.

ஆசைப்பட்டுப் பொலிகுதிரையைத் தேர்ந்தெடுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுகிற சவாரிக்காரர்கள் தங்களுக்கு ஏற்ற குட்டி வேண்டும் என்றுதான் கிளம்புவார்கள். பொலிகுதிரையைப் பார்த்ததும் தாங்கள் யார் என்பது மறந்துவிடும். பட்டறையிலும் அவர் இதைத் தினம் பார்க்கிறார். எழுபது வயதுக்காரர் தன் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தனுப்பி, இதே பல் வேண்டும் என்பார். அப்படியே செய்து கொடுத்தால் வாய் மூடாது.

அதனால் இந்தத் தடவை ஒரு வழி வைத்திருக்கிறார். பொலிகுதிரைக்காரர்களுக்குத் தொலைபேசி செய்வார். பரிசு, பரம்பரை, விலை எல்லாவற்றையும் அவர்கள் சொல்லி முடிக்கும் வரை "ம்" கொட்டிவிட்டு, ஒரே ஒரு விஷயம் கேட்பார்.

"நான் வந்து பாக்குறேங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவன் மேல யாரும் ஏற வேண்டாம். சும்மா நிக்கட்டும்."

பெரும்பாலானவர்கள் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். துரையின் அப்பன் இன்னும் தன் பழைய முதலாளியின் லாயத்தில்தான் இருக்கிறான். பட்டறையில் கைப்பேசித் திரையில் அடிக்கடி அவர் பார்க்கிற கருப்பன் அவனேதான். அந்த லாயத்து மேனேஜர் சிரித்தேவிட்டார்.

"ஒரு வாரமா! அக்கா, ஒரு நாள் விட்டாலே அவன் கூரையைப் பிரிச்சிருவான். ஆனா நீங்க சொல்லுங்க, துரை மாதிரி இன்னொருத்தன் வேண்டாமா உங்களுக்கு?"

மேனேஜர் வைத்த பிறகும் பல்லக்கா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இன்னொரு பதில் ஒரு பள்ளி வேன் ஓட்டுகிற அம்மாவிடமிருந்து வந்தது. அவரிடம் ஒரே ஒரு பொலிகுதிரை. "ஒரு வாரம் என்னம்மா, எனக்கு முதுகு புடிச்சுக்கிட்டு மூணு வாரமாச்சு. அவன் தின்னுட்டுத் தூங்குறான். வாங்க, வந்து எழுப்பிப் பாருங்க."

வீட்டுக்காரரோடு போனார். குதிரைக்குப் பதிவுச் சீட்டில் நீளமாக ஏதோ பெயர். கூப்பிடுவது மூட்டை என்று. மங்கலான பழுப்பு நிறம், பெரிய காது, தொங்கிய கீழுதடு. வேன் அம்மா ஒரு கையில் தலைக்கயிறும் ஒரு கையில் தேநீர்க் குவளையுமாக அவனை வெளியே நடத்தி வந்தார். அந்த நேரம் பார்த்து வைக்கோல் மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. மூட்டை தலையைத் தூக்கிப் பார்த்தான். வெறும் தார்ப்பாய்தான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டான். தேநீர் சிந்தவில்லை.

"இது குதிரையா, ரிட்டயர்டு வாத்தியாரா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க, காதுல விழுந்திடும்."

"அந்தக் காதுக்கு அடுத்த ஊர்ல பேசுறதுகூட விழும்."

பல்லக்கா ஏறினார். மூன்று வாரம் சும்மா நின்ற பொலிகுதிரை இரண்டு சுற்று நடந்தது, ஓடியது, கேட்டதைச் செய்தது. அடுத்து ஓரமாகக் கிடந்த கட்டையை நோக்கித் திருப்பினார். அவருக்கு ஒரு பழைய வியாதி உண்டு. கட்டை நெருங்கும்போது கீழே பார்ப்பார். பார்த்ததும் கை இறுகும். எட்டுக் கணக்குத் தப்பும். அன்றும் தப்பியது. ராசாத்தியாக இருந்தால் நின்றிருப்பாள். துரையாக இருந்தால் ஆளை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பான். மூட்டை ஒரு குட்டி எட்டு கூடுதலாக வைத்தான். போனால் போகிறது என்பதுபோல் தாண்டினான். இறங்கிய இரண்டாவது எட்டில் நடைக்கு வந்து, காதை மட்டும் பின்னால் திருப்பினான்.

"என்ன ஆச்சுன்னு கேக்குறான்" என்றார் வேன் அம்மா. "இவன் புள்ளைங்க ஏழு. ஏழையும் வேலைக்குப் போற பொம்பளைங்கதான் ஓட்டுறாங்க. பெரிசா ஒண்ணும் ஜெயிக்கலை. யாரும் ஆஸ்பத்திரிக்கும் போகலை."

திரும்பி வரும் வழி. வீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நல்ல பையன்தானே? ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"நல்ல பையன்தாங்க."

"அப்புறம்?"

"அவன் மேல உட்கார்ந்தப்ப எனக்குப் பயமே இல்ல."

"அதுக்குத்தானே போனோம்?"

"ஆமா. அதுக்குத்தான்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "துரை ஒரு தடவை என்னை வெச்சுக்கிட்டுத் தாண்டியிருக்கான். ஒரே தடவை. நான் கேக்கலை, அவனாத் தாண்டினான். கீழே தரையே இல்ல. எவ்வளவு நேரம்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத் தாண்டினப்ப தரை பக்கத்துலயே இருந்துச்சுங்க."

வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை. "மின்தூக்கி பறக்கணும்னு யாரும் கேக்கறதில்லம்மா. சொன்ன மாடியில நின்னாப் போதும்ங்கிறாங்க" என்றார். பல்லக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரம் கைப்பேசியில் கருப்பனைப் பார்த்தார். ஒரு தடவை விரலை எடுத்துவிட்டு, சவாரிக்காரரோடு சேர்த்தே பார்த்தார். மெழுகு உருக்குகிறவர் கேள்வி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். எட்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, வேன் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார்.

"மூட்டையையே முடிச்சுக்கலாம்க்கா."

"யோசிச்சீங்களா தங்கச்சி? பறக்க மாட்டான், சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா."

ராசாத்தியை மூட்டையோடு சேர்த்து ஒரு மாதம் கழிந்தது. நேற்றுக் காலை குதிரை டாக்டர் சிறிய ஸ்கேன் பெட்டியோடு வந்தார். பல்லக்கா ராசாத்தியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். திரையில் சாம்பல் நிறப் புகை. அதன் நடுவில் கடுகளவு ஏதோ துடித்தது.

"இதுதான் இதயம். ஒரே குட்டிதான், நல்ல இடத்துல இருக்கு" என்றார் டாக்டர். "வாழ்த்துக்கள் அக்கா. ராசாத்தியும் நல்லா இருக்கா. இப்போதைக்குக் கவலை இல்ல."

பல்லக்கா ராசாத்தியின் நெற்றியில் நெற்றியை வைத்தார். டாக்டர் கையுறையைக் கழற்றிப் பெட்டியை மூடினார். "மூட்டையோட புள்ளைங்க பெரிசா வளர மாட்டாங்க. என்ன, எவ்வளவு உயரம் வரும்?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவக் குழாய்ப் பக்கம் போனார்.

பல்லக்கா ராசாத்தியை விட்டு இரண்டடி தள்ளி, வெறும் இடத்தில் நின்றார். உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒரு முதுகின் மேல் வைப்பதுபோல், தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். துரையின் உயரம் அது. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குதிரை ஏற அங்கவடியில் வைப்பதுபோல் இடது காலைத் தரையிலிருந்து தூக்கினார். முட்டி பாதியில் நின்றது. காலைப் பார்த்தார், மேலே இருந்த கையைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக, நாலு நாலு விரலாக, அந்தக் கால் ஏற முடிகிற உயரத்துக்குக் காற்றில் இறக்கி வைத்தார்.