சம்புடத்தில் வந்த பாட்டா

நாய்க்கு அரசாங்க உத்தியோகம் கொடுத்து, அதற்கு யூனிஃபார்மும் தைத்துப் போட்டிருக்கும் ஒரு நாட்டை நான் பார்த்தது மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். நியூசிலாந்து என்று பெயர். பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் அது வலது பக்கக் கீழ் மூலையில், சுவரில் ஆணி அடித்த இடத்தில் இருந்தது. அதனால் பாதி நாடுதான் எனக்குத் தெரியும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அங்கே நர்ஸாக இருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவள். எனக்கு அத்தை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனில் கேட்கும் ஒரு குரல். அந்தக் குரல் என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்கும், பிறகு பாட்டாவைக் கூப்பிடச் சொல்லும். அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் பாட்டா என்றுதான் சொல்வோம். பாட்டா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் சிரித்துக்கொண்டே இருப்பார்.

அதற்கு முந்தைய வருடம் பாட்டா இறந்துபோனார். அத்தையால் வர முடியவில்லை. அங்கேயே தங்குவதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். முடிவு வரும் முன் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லையாம். அப்பா வாசலில் நின்று, “நீ வரண்டாம் மக்கா, நான் இருக்கேன்” என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் போவதற்குத்தான் அனுமதி வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெளியே வருவதற்கும் பயப்பட வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பிறகு அனுமதி கிடைத்தது. எங்களை வரச்சொல்லி அத்தையே டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். கூடவே போனில் தடை உத்தரவுகளும் வந்தன. பழம் கூடாது, கறிவேப்பிலை கூடாது, தேன் கூடாது, விதை கூடாது. முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் உப்பேரி மாதிரிப் பலகாரங்கள் கொண்டுவரலாம், ஆனால் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செருப்பின் அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது.

அம்மா தக்கலையில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தாள். விதி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது. எங்கள் மூன்று பேரின் செருப்பையும் ஷூவையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்தாள். மோட்சத்துக்குப் போகக்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லையே என்றார் அப்பா. அவருக்குப் புதுக்கடையில் பெயிண்ட் கடை. சிரிக்க வைப்பதற்காக எதையாவது சொல்வார். ஆனால் அன்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த நாட்டின்மேல் பெரிய பயபக்தி உண்டாகிவிட்டது. செருப்பின் அடியைக்கூடத் திருப்பிப் பார்ப்பவர்கள் என்றால் அவர்களுடைய தரை எப்படி இருக்கும்! நான் எச்சில் துப்புவதையே நிறுத்திவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஒரு பகலும் இரவும் எங்கே போயின என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தோம். இறங்குவதற்கு முன் விமானத்திலேயே ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். உணவுப் பொருள் உண்டா, உண்டு. செடி, விதை உண்டா, இல்லை. மண் உண்டா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்து, இல்லை என்று குறித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

இறங்கி நடந்த பாதையில் பறவைகள் கத்தின. அண்ணாந்து பார்த்தேன், ஒரு பறவையும் இல்லை. சுவருக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு பெரிய மர வாசல், முழுக்கச் செதுக்கு வேலை, கண்ணை உருட்டிப் பார்க்கும் முகங்கள். சுசீந்திரம் கோயில் வாசலை பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது வருகிற அதே சிலிர்ப்பு எனக்கு வந்தது. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார், ‘டு விசிட் மை ஆண்ட்டி’ என்று சொல்ல வேண்டும் என அம்மா எனக்கு ஒரு மாதமாகப் பயிற்சி கொடுத்திருந்தாள். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலேயே சத்தமாகச் சொன்னேன். அவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்து, ‘வெல்கம்’ என்றார். ஒரு நாடே என்னிடம் பேசியதுபோல இருந்தது.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் அந்த நாய் வந்தது. தொங்கும் காது, முதுகில் சட்டை. ஒவ்வொருவரின் பையையும் மோந்துகொண்டே வந்து, என் பள்ளிப் பைக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்தது. அத்தனை பேரில் என்னைத்தான் அதற்குப் பிடித்திருக்கிறது என்று பெருமையாக அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

என் பையிலிருந்து ஒரு மட்டி வாழைப்பழம் வெளியே வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது வழியில் தின்ன வைத்து மறந்துபோனது. தோல் கறுத்து, நசுங்கியிருந்தது. கையுறை போட்ட இரண்டு விரல்களால் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் மட்டிப்பழத்தைப் பார்த்து ஒரு நாடு பயப்படுகிறது! ஆச்சரியத்தில் திறந்த வாய் எனக்கு மூடவில்லை.

எங்களைத் தனியாக ஒரு நீளமான ஸ்டீல் மேஜைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே இருந்தது நரைத்த முடியுடைய, வாட்டசாட்டமான ஒரு பெண் அதிகாரி. பழத்தைப் பற்றி அம்மாவிடம் விசாரித்தார். பிள்ளை தெரியாமல் வைத்தது என்று அம்மா சொன்னதை நம்பி, என்னைப் பார்த்து விரலை மட்டும் ஆட்டினார். முந்திரிக்கொத்தை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்று அம்மா ஜிப்பை இழுத்து மூடும்போது, வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று அந்த அதிகாரி கடைசியாகக் கேட்டார்.

அப்பா தன் தோள்பையைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, துவர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு எவர்சில்வர் சம்புடத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.

“என்னது இது?” என்று அம்மா தமிழில் கேட்டாள். அவளுக்கும் தெரியாது.

“அப்பா” என்றார் அப்பா.

அதிகாரி என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பவள் நான். ஒரு நாட்டின் வாசலில் நின்று மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததை உணர்ந்து, நிமிர்ந்து நின்று சொன்னேன்: “இட் ஈஸ் மை கிராண்ட்ஃபாதர்.”

சம்புடத்தின் மூடியைத் தொடப்போன அவர் கை அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். சாம்பலா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்த வார்த்தை பிடிபடவில்லை. ஆமாம் என்பதுதான் மரியாதை என்று நினைத்து ‘யெஸ்’ என்றேன். உடனே அவர் முகமே மாறிவிட்டது. ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து விரித்து, இரண்டு கையாலும் சம்புடத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார். சாம்பல் என்றால் அந்த நாட்டுக்குள் விட்டுவிடுவார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

பாட்டாவை எரிக்கவில்லை, புதைத்தோம்; அப்பா என்ன கொண்டு வந்திருப்பார் என்று அம்மாவுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. பிறகு, இல்லை, சாம்பல் இல்லை, மண் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு அழுதாள்.

திறந்தபோது உள்ளே சிவப்பு மண். நூல்போல ஒரு வேர். அதன்மேல் ஒரு கட்டெறும்பு, உயிரோடு, கடலெல்லாம் தாண்டி வந்த களைப்பே இல்லாமல் நடந்தது. அதிகாரி சட்டென்று மூடினார். கொண்டு வந்தவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று சொல்லி, யாருக்கோ போன் செய்து, போனை மேஜைமேல் வைத்தார். போனிலிருந்து தமிழ் வந்தது.

“வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லுறதை நான் இவைக்கு அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கேக்கினம்.”

அது நாங்கள் பேசுகிற தமிழ் இல்லை. ஆனால் எங்கள் தமிழைப்போலவே ராகம் போட்டு இழுத்தது. அது யாழ்ப்பாணத்துப் பேச்சு என்று அம்மா பிறகு சொன்னாள். உலகத்தின் கடைசி மூலையில் ஒரு போனுக்குள் தமிழ் ஆள் இருக்கிறார் என்பது, நாய்க்குச் சட்டை போட்டதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா போனைப் பார்த்தே பேசினார். “எங்க அப்பாக்க கல்லறை மண்ணு. எனக்க தங்கச்சி வெளிய நிக்கியா. அடக்கத்துக்கு அவளுக்கு வர ஒக்கேல்ல. குழியில எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டோம், அவ போடேல்ல. இத அவ தொட்டுத் தரட்டும், திரும்பக் கொண்டுபோய் கல்லறையில போட்டிருவேன். ஏமாத்தணும்னு இல்ல.”

போனில் இருந்தவர் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டு, மேஜையை விரலால் தடவிக்கொண்டே பதில் சொன்னார். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் கிருமியும் இருக்கும், இந்த நாட்டின் காடும் பயிரும் அதைத் தாங்காது, யாருக்காகவும் விட முடியாது. அழித்துவிடலாம், இல்லையென்றால் முத்திரை வைத்து இங்கேயே வைத்திருந்து, திரும்பிப் போகும்போது கையில் தருவோம்.

“அழிக்காண்டாம்” என்றார் அப்பா, மொழிபெயர்த்து முடிப்பதற்குள். “அவளுக்குப் பதிலா நான் ஒருக்கா தொட்டுக்கிடட்டா?”

அதிகாரி மூடியைத் திறந்து, சம்புடத்தை அப்பா பக்கமாகத் தள்ளிவைத்தார். அப்பா வலது கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, அப்படியே வைத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆராதனையில் கண்ணை மூடச் சொல்லும்போது நான் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பேனே, அப்படிப் பார்த்தேன். அந்தப் பெரிய அதிகாரி தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்பா மண்ணை மெல்ல உள்ளேயே விட்டார். அப்போது போன் மறுபடியும் பேசியது.

“ஐயா, இது என்ர கேள்வி, அவையின்ர இல்லை. மண் என்ன நிறம்?”

“நல்ல செவப்பு. ரெட் ஆக்சைடு அடிச்சது மாதிரி.”

“எங்கட ஊரிலயும் சிவப்புத்தான்” என்றது குரல். “நான் பாத்துக் கன வருசம்.”

என்ன பேசினீர்கள் என்று அதிகாரி கேட்டார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்கிறார் என்று போன் இங்கிலீஷில் சொன்னது. கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்றவர் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்கிறாரே என்று நான் திகைத்துப்போனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அதனால் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வரும். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

சம்புடத்தைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, சீட்டு கட்டினார்கள். அப்பாவை ஒரு தொட்டிக்கு அழைத்துப்போய் கையைக் கழுவச் சொன்னார்கள். சோப்புப் போட்டு, நகத்தின் இடுக்கில் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பவும் சோப்புப் போட்டு. அந்த அம்மாளே பக்கத்தில் நின்று காகிதத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. போனில் மட்டும் இருந்த அத்தை கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அப்பாக்க கல்லறை மண்ணு கொண்டு வந்தேன் மக்கா” என்றார் அப்பா. “உள்ள விடேல்ல. ஒனக்குப் பதிலா நான் தொட்டேன்.”

“எந்தக் கையி?” என்றாள் அத்தை.

அப்பா வலது கையை நீட்டினார். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, விரித்து, உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தாள். தலையை எடுக்கவே இல்லை. ஆட்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள்.

“சோப்புப் போட்டு ரெண்டு தடவ கழுவியாச்சு அத்தே” என்று நான் உண்மையைச் சொன்னேன்.

அதன் பிறகும் அவள் விடவில்லை. எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். சாப்பிட உட்காரும் முன் அம்மாவும் என் கையை இப்படித்தான் முகர்ந்து பார்ப்பாள், ஒழுங்காகக் கழுவினேனா என்று. இந்த நாட்டில் கதவுக்கு வெளியேயும் ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்வதற்குத்தான் அத்தையை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை சோதனை செய்யும் நாட்டை நினைத்துப் பிரமித்தபடி, அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று, என் முறை வரட்டும் என்று நானும் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன்.