சம்பந்தத்தின் நெஞ்சு பார்டர்

எங்கள் ஆரணியில் பட்டு நெய்யும் சம்பந்தம் எதையும் புடவைக் கூலியில்தான் கணக்குப் பார்ப்பார். 2003இல் மகள் லாவண்யா பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்றதும் கத்தினார். "செலவு நூத்தி இருபது பொடவ. சம்பளம் மாசம் நாலு பொடவ. அத நான் படிக்காமலே நெய்றேனே!"

ஆனாலும் சேர்த்துவிட்டார். மூன்றாம் வருடம் அவள் கல்லூரியில் அப்பாவுக்கே இசிஜி எடுத்துக் காட்டினாள். நெசவாளர்கள் நாங்கள் பார்டர் வரைவதும் அதேபோல் கட்டம்போட்ட தாளில்தான். அந்த மனுஷன் இசிஜி தாளையும் டிசைன் என்றே நினைத்துத் தறியில் ஏற்றிவிட்டார். புடவைகள் பறந்தன, படிப்புச் செலவு முழுக்கத் திரும்பிவிட்டது.

மனைவிக்கு அதில் ஒன்று வாங்கிய டாக்டர் ஒருநாள் போன் செய்தார். எடுத்த லாவண்யா அலறினாள்: "அப்பா, இந்த பார்டர் யாரு நெஞ்சோ, அவர ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வரச் சொல்றாரு!"

"அவருக்கு இன்னும் எத்தினி பொடவ வேணுமாம்?" என்றார் சம்பந்தம்.