கட்டுச்சோறு வாங்க அம்மை அனுப்பிய ஆள்

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்திருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் தச்சநல்லூர் உலகம்மாள் சொல்லிக்கொள்வது. போன வாரம் பூசை முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "அத்தை, முறுக்கு சுட்டு விக்கலாம்னு நெனைக்கேன். தொழில் தொடங்க எது நல்ல நாள்?" என்று கேட்டாள். பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. காந்திமதி அம்மை எனக்கு எந்த நாளைக் கொடுத்தாள் என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதை இன்றைக்குச் சொல்கிறேன். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. அந்த ஆடியில் வாந்திபேதி வந்து என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் வயலுக்குப் போனவர், மறுநாள் காலையில் இல்லை. அழக்கூட எனக்கு நிதானம் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைப் புடவையும், குதிரில் கொஞ்சம் நெல்லும், பெரிய மனுஷி ஆகாத என் மகள் கோமதியும் மிச்சம். நிலபுலன் எல்லாம் அவருடைய அண்ணன் பொறுப்புக்குப் போயிற்று. அவரை நாங்கள் பெரியவர் என்போம். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் வீட்டிலேயே பந்தி பந்தியாகப் பிள்ளைகள். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேர்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவர் வந்து முற்றத்தில் நின்றார். எங்கள் வீடுகளில் வீட்டுக்காரரின் அண்ணன் முன்னால் பெண்கள் நிற்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதுமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கோமதியை வெளியே நிறுத்தியிருந்தேன்.

"வள்ளியூர்ல ஒரு எடத்துல கோமதியைக் கேக்காக. சோத்துக்குப் பஞ்சமில்லாத குடும்பம். தை பொறந்ததும் முடிச்சிருவோம். உங்க அம்மை எங்க வீட்டு அடுக்களையிலயே இருந்துக்கிடட்டும்" என்றார்.

அந்த மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். நரைத்த மீசை. முதல் இரண்டு பெண்டாட்டிகளும் பிள்ளை பெறும்போதே போய்விட்டார்கள். என் பிள்ளை மூன்றாவது.

"கோமதி, பெரியப்பாகிட்டச் சொல்லு. தை வரைக்கும் பொறுக்கச் சொல்லு. நம்ம ரெண்டு வயித்தையும் அம்மை பாத்துக்கிடுதேன்னு சொல்லு" என்றேன்.

"என்னத்தச் செஞ்சு பாப்பாளாம்?"

"கட்டுச்சோறு கட்டி விக்கப் போறேன்னு சொல்லு."

எங்களவர்கள் வந்தவனுக்கெல்லாம் சோறு போடுவார்கள், சோற்றை விற்க மாட்டார்கள். அது பாவம் என்று ஒரு எண்ணம். "நம்ம வீட்டுப் பொம்பளை சோத்தை விக்கவா? சரி, தை வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்று சொல்லிவிட்டு மழையிலேயே நடந்து போனார்.

நான் ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எங்கள் தெரு வழியாகத்தான் ரயிலடிக்கு வண்டிகள் போகும். பட்டணம் போகிற உத்தியோகஸ்தர்களும் கோர்ட்டு வேலையாக மதுரை போகிறவர்களும் வழியில் கண்ட கையால் சாப்பிட மாட்டார்கள். வீட்டில் பெண்துணை இல்லாதவர்கள் வெறும் அவலைக் கட்டிக்கொண்டு போவார்கள். எனக்கோ கட்டுச்சோறு கைவந்த வேலை. புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெய் எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று தெரியும். தயிர்ச்சோற்றில் பாலை விட்டு, கொஞ்சமாகத் தயிர் சேர்த்து, இலையை அடுப்பில் வாட்டிக் கட்டினால் மறுநாளும் புளிக்காது. ஆசாரத்துக்கும் குறைவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆவுடை மதினி வண்டிக்காரர்களிடம் சொல்லிவைத்தாள்.

வேறென்ன வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் ஒரு வக்கீல் குமாஸ்தா வண்டியில் வந்து வாசலில் நின்று குரல் கொடுத்தார். நான் குளித்து, திருநீறு பூசி, பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"வண்டியைத் திருப்பும் வே. கேசு விசயமா போறேன், அறுதலி எதுக்க வாறா" என்றார்.

பிரயாணம் போகிறவர்களை நம்பித் தொழில் தொடங்கியிருக்கிறேன். பிரயாணம் போகிறவன் எதிரில் எது வரக் கூடாதோ, நான் அதுவாக இருக்கிறேன். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

குமாஸ்தா வண்டிக்காரனிடம் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. ரயிலடி வண்டிகள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பொட்டலங்களை வாசல் மாடத்தில் விளக்குப் பக்கம் வைத்துவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டேன். ஆள் கண்ணில் படாவிட்டாலும் யார் கை என்று தெரியுமே. ஒருவரும் எடுக்கவில்லை. வைத்த சோற்றை நானும் கோமதியும் சாப்பிட்டோம். கோமதி ஒரு நாள், "எம்மா, வள்ளியூர்ல ஆறு உண்டா?" என்று கேட்டாள். பிள்ளை தன்னைத் தயார் செய்துகொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அடுக்களைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த வாரத்தில் ஆற்றோடு போய்விடலாம் என்று எண்ணினேன். பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாததால்தான் போகவில்லை. இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் நெல் குதிரின் அடிவரை துடைத்து எடுத்து, இருந்த நெல்லைக் குத்தினேன். இதோடு தீர்ந்தது. பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். உங்களுக்கெல்லாம் தெரியும், உச்சிக்காலத்தில் அம்மை சன்னதியிலிருந்து சுவாமிக்கு அமுது போகும். புருஷனுக்குத் தன் கையாலே அம்மை படைக்கிறாள் என்று சொல்வோம். அமுதுப் பாத்திரம் என் முன்னால் போயிற்று. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. தூண் மறைவில் நின்று அம்மையிடம் சண்டை போட்டேன்.

"தாயே, நீ ஆக்கினதை வாங்கிக்கிட உனக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு இருந்த ஆளை நீ கூப்பிட்டுக்கிட்டே. கூட்டம் கேக்கல, சம்பத்து கேக்கல. என் கையால வாங்கித் திங்க ஒரே ஒரு ஆளை அனுப்பு. இல்லைன்னா நான் அடுப்பு மூட்டுதது இன்னைக்கோட சரி" என்றேன். வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி, "யாருக்கும்மா ஆக்கப் போற?" என்றாள். அம்மை அனுப்புகிற ஆளுக்கு என்றேன். நம்பிக்கையில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பிடிவாதத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பை மூட்டாமல் இருந்தால், கேட்டதற்கு என்ன மரியாதை? கடைசி அரிசியை வடித்தேன். இருந்த புளியையெல்லாம் கரைத்தேன். எண்ணெய்க் கலயத்தைக் கவிழ்த்து வழித்து ஊற்றினேன். நூறு பேர் வரப் போகிற மாதிரி இலைகளைப் பக்குவமாக வாட்டினேன்.

மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால ரயிலுக்கு நேரம் நெருங்கியபோது ஒரு வண்டி எங்கள் வாசலில் நின்றது. நனைந்த வேட்டியோடு ஒருவர் இறங்கினார். பள்ளிக்கூட வாத்தியார் சுப்பையா பிள்ளை. அடுத்த தெருக்காரர்தான், முகம் தெரியும். வண்டிக்குள் அவர் சம்சாரம் வண்டிக் கூட்டில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கட்டுச்சோறு இருக்கா தாயி? பட்டணம் போறோம்."

"கோமதி, எடுத்துக் குடு. நான் வெளிய வரலைன்னு சொல்லு. பிரயாணம் போறவுகளுக்கு நான் எதுக்க வரக் கூடாதுன்னு சொல்லு" என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை அந்தக் குரலோடு நான் இன்றும் கேட்கிறேன். "மக செத்துப் போனான்னு தந்தி வந்திருக்கு. தலைப் பிரசவம். அவளை நல்ல நாள் பாத்து, சுமங்கலிகளை எதுக்க வரச் சொல்லி, சகுனம் பாத்துத்தான் ரயிலேத்தினோம். இனி எனக்கு என்ன சகுனம்? நீங்க வந்து குடுங்க. வண்டியில கெடக்காளே, அவ நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி தொடல."

நான் வெளியே வந்தேன். மழையில் அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வண்டி போய்விட்டது. நான் நிலைப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு ஆளைக் கேட்டேன். அம்மை அனுப்பினாள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனையா அனுப்ப வேண்டும்? இப்படி ஒரு வியாபாரம் எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள் என்று அம்மையிடம் சொன்னேன். அன்றிரவு நானும் பிள்ளையும் ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு இருந்தது, இறங்கவில்லை.

பிறகு ஆவுடை மதினி கொடுத்த அரிசியில்தான் உலை வைத்தேன். வருகிறவர் யாரும் இல்லை. மார்கழி வந்தது. தை பிறக்க இன்னும் சொற்ப நாள்தான் என்று தெருவில் பார்க்கிற இடத்தில் எல்லாம் பெரியவர் வீட்டுப் பிள்ளைகள் கோமதியிடம் கல்யாணப் பேச்சுப் பேசின. அவளும் தலையை ஆட்டினாள்.

மார்கழிக் காலை உங்களுக்குத் தெரியும். தெரு முழுக்கப் பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். காலை ரயில் வந்து, ஒரு வண்டி ரயிலடியிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. வாத்தியாரும் அவர் சம்சாரமும். அந்த அம்மாள் கையில் ஒரு துணிச்சுருள். செத்துப்போன மகள் பெற்றுவைத்த பெண்குழந்தை.

ஊருக்கு முதல்முதல் வரும் குழந்தைக்கு ஆரத்தி எடுக்க, அவர்கள் வீட்டு வாசலில் சுமங்கலிகள் காத்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போனேன். அந்த அம்மாள் இறங்கி நேரே வந்து கதவைத் தள்ளினார்.

"அன்னைக்கு ரயில்ல உங்க சோத்தைத் தின்னலைன்னா நான் பட்டணம் போயே சேந்திருக்க மாட்டேன். இதைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கவும் மாட்டேன். இந்த ஊர்ல இவ முதல்ல பாக்குத முகம் உங்க முகமா இருக்கட்டும்" என்று சொல்லிக் குழந்தையை என் கையில் வைத்தார்.

கோலம் போட்டவர்களின் கைகள் நின்றுவிட்டன. ஐந்து மாசமாக ஒருவரும் தங்கள் பிள்ளையை என் கையில் தந்ததில்லை. குழந்தை என் வெள்ளைப் புடவையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அப்போதுதான் நான் ஆடி மாசத்து அழுகையை அழுதேன்.

வாத்தியார் பள்ளிக்கூடத்திலும் தாலுகாக் கச்சேரியிலும் சொன்னார். முதலில் வந்தவர்கள் சாவு கேட்டுத் துட்டிக்குப் போகிறவர்கள்தான். ஆஸ்பத்திரிக்கு நோயாளியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வந்தார்கள். கேசில் தோற்று அப்பீலுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். சகுனம் பார்த்து ஏமாந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று எனக்கே ஆச்சரியம். அவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சொன்னதைக் கேட்டு, நல்ல காரியத்துக்குப் போகிறவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

தை பிறந்தது. முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை பெரியவரின் வில்வண்டி வாசலில் நின்றது. பிரயாணக் கோலத்தில் இருந்தார், வள்ளியூருக்குத்தான் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று கோமதியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கோமதி, வழிக்குச் சோறு கட்டித் தரச் சொல்லு. வள்ளியூர்ல போய் அந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டு வாறேன்" என்றார். நான் எப்படிக் கட்டினேன் என்று தெரியாது. கோமதி கையில் கொடுத்தனுப்பியபோது அவர் வாங்கவில்லை. "நீ இல்ல. உங்க அம்மையை வந்து தரச் சொல்லு" என்றார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அவர் முன்னால் வந்து நின்றேன். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கோமதி இதோ உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் சாய்ந்து தூங்குவது வாத்தியார் பேத்தி.

சொந்தக் கையால் பிழைக்க நினைக்கும் பிள்ளைகளே, கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஆளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வரும் முன்பே அடுப்பை மூட்டிவிடுங்கள். அவர் எந்தக் கோலத்தில் வருவார் என்று நமக்குத் தெரியாது. அழுதுகொண்டுகூட வரலாம். வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். அம்மை அன்றைக்கு ஏன் அந்தத் தகப்பனை அனுப்பினாள் என்று நான் இன்னும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனாலும் அவளை விட்டு நான் போகவில்லை, அவளும் என்னை விடவில்லை.

முறுக்குக்காரப் பெண்ணே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நாளைக்கு மாவை இடி. மறுநாள் விடிந்ததும் உன் வாசலுக்கு இந்த வெள்ளைப் புடவையோடு நான் வருவேன். முதல் போணி என்னுடையது.