சங்கரா மீனும் தவம் செய்த பூனையும்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் என் கணவரும் மாமல்லபுரம் போனோம். ஒரு காலத்தில் எங்கள் ஊர் ராஜாக்களின் துறைமுகம் அது. அவருக்கு மீன் ஆசை. எனக்கோ டிசைன் கவலை.

பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் வரைவது என் தொழில். ஏழு வருடமாக அடுத்தவர் படத்தைத்தான், கட்டத்துக்கு ஓர் இழை என்று, நெசவுக்காகக் கட்டத் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "நாளன்னிக்கி காலைல உன் சொந்த டிசைன் ஒண்ணு எடுத்துக்கினு வாம்மா. நல்லா இருந்தா தறில ஏத்தலாம்" என்று முதலாளி சனிக்கிழமைதான் சொல்லியிருந்தார்.

அங்கே பெரிய பாறைச் சிற்பத்தில், யானைக்குப் பக்கத்தில், ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பார்த்ததும் நான் துள்ளிக் குதிக்காத குறைதான்! அன்னம், மயில், யானை எல்லாம் எங்கள் பார்டரில் வந்தாயிற்று. பூனை வந்து நான் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வரைந்தேன். அவ்வளவு அழகாக வந்தது.

மதியம் கடற்கரையில் ஒரு அம்மாவின் மீன் கடைக்குப் போனோம். கை கழுவப் போகும்போது, படத்தை அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் வைத்தேன். திரும்பி வந்தால் என் கணவர் சங்கரா வறுவலை ருசித்துக்கொண்டிருக்கிறார். மீனுக்கு அடியில் என் பூனை, எண்ணெயில் ஊறிப்போய்!

கடைக்கார அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுகை வேறு. சிற்பத்தைப் போட்டோ எடுத்த எனக்கு, என் படத்தை எடுக்கத் தோன்றவில்லை. மறுபடி வரைய நேரமும் இல்லை.

"நீதாம்மா கட்டு மேல வெச்சிட்டுப் போன" என்றார் அந்த அம்மா, கோபமே இல்லாமல். தாளைத் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "பாரு, கோடு ஒண்ணும் அழியல. எண்ணெ ஊறுனதுல, அந்தாண்ட நிக்கிற படகு கூட தாள் வழியா தெரியுது!"

படகு தெரிந்தால் கட்டமும் தெரியுமே! பையிலிருந்த கட்டத் தாளை விரித்தேன். அதில் எண்ணெய் படாமலிருக்க, மேலே அவர் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டார். அதற்கு மேல் என் எண்ணெய்த் தாள். எந்தக் கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. எண்ணி எண்ணி இன்னொரு கட்டத் தாளில் நிரப்பினேன். கண்ணால் அளந்து, அழித்து அழித்துப் போட்டால் இரண்டு நாள் ஆகும் வேலை, பொழுது சாய்வதற்குள் முடிந்தது. என் கையில் எண்ணெய் படக்கூடாதென்று, நடுநடுவே அந்த அம்மாவே இறாலை என் வாயில் ஊட்டினார். திட்டிய வாயில்!

மறுநாள் முதலாளி, "இன்னாமா, மீன் வாசனை அடிக்குது?" என்று கேட்டுவிட்டு, பூனையைப் பார்த்துச் சிரித்தார். தறியில் ஏற்றினார்.

இப்போதும் என் வேலையை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று கத்த வாயெடுக்கும்போது அந்த இறாலின் ருசி நாக்கில் வந்துவிடுகிறது. முதலில் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன்.